அறக்குளா இல்லாத மாதம்



ஓமானின் சலாலாவில், கடற்கரையோரம் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை. செப்டம்பர் மாதம் அப்பாவோடு போயிருந்தேன். அறக்குளாப் பொரியல் கேட்டோம்.

"நெய்மீன் இல்லை, தடைக்காலம்" என்றார் மலையாளி அண்ணை ஒருவர்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. அவர் மயிலிட்டிக் கடற்தொழிலாளி. 1990இல் வெளிக்கிட்டவர். அந்தத் துறைமுகத்தை 2017இல்தான் திருப்பித் தந்தார்கள்.

"எத்தனை வருசத்துக்காம்?"

ஆகஸ்ட் 15 முதல் ஒக்டோபர் 15 வரைதான், மீன் பெருகட்டுமென்று ஆண்டுதோறும் நிறுத்துகிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். சூடையைக் காயவைத்து அங்கே ஒட்டகத்துக்கும் போடுவார்கள். அதைத்தான் அவரால் பொறுக்கமுடியவில்லை!

"திகதி போட்ட தடையோ? அப்ப பரவாயில்லை" என்றவர், சூரைப் பொரியலுக்குச் சொன்னார். இரண்டு தரம் சோறு வாங்கினார்.