ஹிட்டான பாட்டும் நம்ம வீட்டுப் பாட்டும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம், இந்த மாசம் ஹிட்டான சினிமாப் பாட்டுகளைப் பத்தி உங்க குழு பேசட்டும் என்று தலைவி சொன்னதும் எங்களுக்குள் ஒரே சிரிப்பு. அப்புறம் யோசித்துப் பார்த்தோம். பேச வேண்டிய விஷயம்தான். காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா எது நடந்தாலும் விடியக்காலம் நாலு மணிக்கே மைக் செட்டுக்காரர் ஆரம்பிச்சிடுறார். பஸ்ஸில் ஏறினால் பாட்டு. பிள்ளைங்க கையில் போன் வந்த பிறகு, ஒரே பாட்டில் அரை நிமிஷத்தை மட்டும் நாற்பது தடவை கேட்கிறோம். நாம கேட்டு வாங்காத சாமான் ஒன்று தினமும் வீட்டுக்குள்ளே வருதென்றால், அது என்ன சாமான் என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எங்களுக்குப் பாட்டு பிடிக்கும், குத்துப்பாட்டும் பிடிக்கும். 2018இல் வந்த ‘மாரி 2’ படத்தில் ‘ரவுடி பேபி’ பாட்டுக்கு சாய் பல்லவி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, எங்கள் குழுவில் எழுபது வயசு தாண்டிய அம்மாவே “இவதாண்டி ஆடுறா” என்று சொன்னார். யூடியூபில் 100 கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்ட பாட்டு அது. ஜோடியாக ஆடுகிறவனுக்கு ஒரு அடி கூடக் குறையாமல் அந்தப் பெண் ஆடுகிறாள், யாருக்காகவும் நெளியவில்லை. 2025இல் ‘ரெட்ரோ’ படத்து ‘கனிமா’ வந்தபோது கல்யாண வீடுகளில் நாங்களும்தான் ஆடினோம். அதனால் பழசு எல்லாம் நல்லது, புதுசு எல்லாம் கெட்டது என்று பேச நாங்கள் வரவில்லை.

எங்களுக்கு ஒத்துவராதது வேறு. 2011இல் ‘கொலவெறி’ என்று ஒரு பாட்டு உலகமெல்லாம் ஓடியது. மெட்டு காதில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ‘சூப் பாட்டு’ என்று ஒரு வகையே கிளம்பியது. காதல் முறிந்த பையன் குடித்துவிட்டு அந்தப் பெண்ணையும், பிறகு பெண் குலத்தையே சேர்த்தும் திட்டுவான். கூட நாலு பேர் ஆடுவார்கள். அந்தப் பொண்ணு ஏன் வேண்டாம்னு சொன்னா? அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வரி கிடையாது. இந்தப் பாட்டைக் கேட்டு வளர்கிற பையனுக்கு, ‘வேண்டாம்’ என்று சொல்கிற பெண் துரோகியாகத்தானே தெரிவாள்? இப்படிப்பட்ட பையன்களால் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்ட பெண் பிள்ளைகளை நம்ம ஊர்களில் பார்த்திருக்கிறோம். பாட்டுதானே, விடுங்க என்று சொல்கிறவர்கள் அந்தப் பிள்ளைகளின் அம்மாவிடம் போய்ச் சொல்லட்டும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 2021இல் ‘புஷ்பா’ படத்தில், பெண்ணைப் பார்க்கிற ஆண்களின் கண்ணைக் கேலி செய்து ‘ஊ சொல்றியா’ பாட்டு வந்தது. தமிழில் ஆண்ட்ரியா பாடினார். தெலுங்குப் பாட்டு ஆண்களைக் கேவலப்படுத்துகிறது என்று ஆந்திராவில் ஒரு ஆண்கள் சங்கம் வழக்குப் போட்டதாகச் செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கா? இத்தனை வருஷமாகத் திட்டு வாங்கிய நாம் ஒரே ஒரு பாட்டுக்கு அவங்க பட்ட பாட்டைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்தோம். ஆனாலும் அந்தப் பாட்டைப் படம் பிடித்த விதத்தில் எங்களுக்குச் சம்மதமில்லை. எந்தப் பார்வையைக் கேலி செய்கிறார்களோ, அதே பார்வையில்தான் காமிராவும் அந்தப் பெண்ணைப் பார்க்கிறது.

2025இல் இன்னொரு வேடிக்கை. ‘தக் லைஃப்’ படத்து ‘முத்த மழை’ பாட்டைப் படத்துக்குப் பாடியவர் தீ. பாட்டு வெளியீட்டு மேடையில் சின்மயி பாடினார். உடனே யார் பாடினது ஒசத்தி என்று ஊரே பட்டிமன்றம் வைத்தது. ரெண்டு மருமகள் வைத்த குழம்பை ஒப்பிடுகிற மாதிரிதான் இதுவும். ரெண்டும் ருசியாக இருந்தால் ரெண்டையும் சாப்பிட்டுப் போகலாமே! அந்தப் பேச்சில் மறந்துபோனது ஒன்று உண்டு. 2018இல் பிரபலமான ஒருவர் மீது பாலியல் புகார் சொன்ன பிறகு, சின்மயியை டப்பிங் கலைஞர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள். சந்தா விஷயம் நமக்குத் தெரியாததா? பாக்கி இருந்தால் கூப்பிட்டுக் கேட்போம், கட்டச் சொல்வோம்.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறோம்.

2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. சினிமாப் பாட்டு இல்லை, தனிப் பாட்டு. தீயும் அறிவும் பாடினார்கள். அதில் குலவையும் ஒப்பாரியும் கேட்டபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை வைத்து எழுதிய பாட்டு அது. அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான பேர் இங்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களுக்கு அங்கேயும் நிலமில்லை, இங்கேயும் நிலமில்லை. இந்தக் கதை ஒரு ஆட்டப் பாட்டாகி கோடிக்கணக்கான பேரிடம் போய்ச் சேர்ந்தது பெரிய விஷயம்.

அடுத்து நடந்ததையும் கேளுங்க. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு மேடையேறியது. மேடையில் அறிவு இல்லை. வரி யாருது, மெட்டு யாருது என்று வாக்குவாதம் கிளம்பி ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூன்று வருஷமாகியும் தங்கள் மூன்று பேருக்கும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு பைசா வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பத்து ரூபாய் அபராதத்தைக்கூட நோட்டில் எழுதி வைக்கிறவர்கள் நாம். கோடிக்கணக்கான பேர் பார்த்த பாட்டுக்குக் கணக்கு எங்கே போச்சு? படித்த, பேர் வாங்கிய கலைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், நாத்து நடும்போது நம்ம பாட்டிமார் பாடியதை யாராவது எடுத்துக்கொண்டு போனால் கேட்க ஆள் உண்டா?

நாட்டுப்புறப் பாடகிகளுக்குச் சினிமா பேர் கொடுத்திருக்கிறது, மறுக்கவில்லை. 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயி, 2003இல் ‘தூள்’ படத்தில் பரவை முனியம்மா. ஆனால் ஊரையே ஆட வைத்த முனியம்மா கடைசிக் காலத்தில் நோயிலும் பணக் கஷ்டத்திலும்தான் இருந்தார். 2020இல் அவர் இறந்த பிறகும் மைக் செட்டில் அவர் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மனசுக்கு ஆறுதலாக ஒரு பேரும் உண்டு, நஞ்சம்மா. கோயமுத்தூரைத் தாண்டி கேரளாவின் அட்டப்பாடியில் இருக்கிற இருளர் இனத்துப் பெண், ஆடு மாடு மேய்த்தவர். 2020இல் ‘அய்யப்பனும் கோஷியும்’ என்ற மலையாளப் படத்துக்குத் தன் மொழியிலேயே தானே எழுதிப் பாடினார். 2022இல் சிறந்த பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். முறை என்றால் என்ன? மலையும் ஆடும் பிள்ளையும் கேட்க ஒரு ஆயுசு முழுக்கப் பாடியது முறையில்லையா? பாட்டிலும் அவர் பேரே இருக்கிறது, எழுதியதும் அவரே என்று. எங்களுக்குப் பிடித்தது அதுதான்.

நடவு மிஷின் வந்த பிறகு வயலில் பாட்டு குறைந்துவிட்டது. பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் நாலைந்து பேர்தான் மிச்சம். அதனால் எங்கள் குழு ஒரு கோரிக்கை வைக்கிறது. ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் பாடத் தெரிந்த பெரியவர் ஒருவரின் பாட்டை, அவர் சம்மதத்தோடு, போனில் பதிவு செய்ய வேண்டும். கூடவே ஒரு நோட்டுப் போட்டு, பாடியவர் பேர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலை செய்யும்போது பாடுவது என்று எழுத வேண்டும். வெளியூரிலிருந்து யாராவது பதிவு செய்ய வந்தால், பேர் போடுவீங்களா, காசு வந்தால் பங்கு உண்டா என்று முதலில் கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் குழுவுக்கு ஒரு பாட்டியை அழைத்து வாருங்கள். பஸ் செலவை கூட்டமைப்பு தருவதாகத் தலைவி ஒப்புக்கொண்டிருக்கிறார். சும்மா இருக்கும்போது ஒப்பாரி பாடக்கூடாது என்று நினைக்கிறவர்களை வற்புறுத்த வேண்டாம். தாலாட்டோ கும்மியோ பாடட்டும். மைக் நாங்கள் கொண்டு வருகிறோம்.