வீடு திருத்துதல்

பழைய வீட்டில் வேலை செய்வதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் "வீடு திருத்துதல்" என்றே சொல்லுவோம். மாணவரின் கட்டுரையைத் திருத்துவதற்கும் ஏட்டுப் பிரதியின் பாடத்தைத் திருத்துவதற்கும் அதே சொல்தான். மனைவியின் சீதன வீடாகிய நாற்சார் வீடொன்றில் பாடசாலை விடுமுறைதோறும் என் கையாலேயே சிறு வேலைகளைச் செய்து வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இச்சொல்லின் பொருத்தம் பற்றிச் சில கூறலாம் என நினைக்கிறேன்.

நடுமுற்றத்தைச் சூழ நான்கு பக்கமும் கூரை இறங்கியிருப்பது நாற்சார் வீடு. எங்கள் வீட்டுச் சுவர்கள் சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. மேலே வைரம் பாய்ந்த பனை வளை, கைமரம், சலாகை, அவற்றின்மேல் ஓடு. கட்டியவர்கள் வரைபடம் எதையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் நினைத்ததை வீட்டைப் பார்த்தே அறிய வேண்டும்.

அடுப்படியை ஒட்டிய சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு எவரோ முன்னர் சீமெந்து பூசியிருந்தனர். மாரி தோறும் அது ஊறும். பங்குனி, சித்திரையில் பொருக்குப் பொருக்காய்க் கழரும். உள்ளே வெள்ளை வெளேரென உப்புப் பூத்திருக்கும். பார்த்தவர்கள் யாவரும், "இன்னும் தடிப்பாய்ச் சீமெந்தைப் பூசுங்கோ" என்றனர். அயலிலுள்ள முதிய மேசன் ஒருவர் மட்டும் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், சுவரை விடுங்கோ. முதலிலை பீலியைப் பாருங்கோ" என்றார்.

அவர் சொன்னது சரியாயிருந்தது. வீட்டுக் கூரையும் அடுப்படிக் கூரையும் சந்திக்கும் இடத்துத் தகரப் பீலி துருப்பிடித்து, மழைநீர் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கல்லும் சுண்ணாம்பும் நுண்துளை உடையவை. உறிஞ்சிய ஈரத்தைக் கோடையில் வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு இறுக்கமானது. அது ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிட, நீரோடு வந்த உப்பு பூச்சின் பின்னே இறுகி அதனைத் தள்ளுகிறது. நோய்க்கு இடப்பட்ட மருந்தே நோயை வளர்த்திருக்கிறது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் கல்வி அது. விளங்காத இடத்தில் தமக்குத் தெரிந்த சொல்லைப் புகுத்துவது திருத்தமாகாது. சுண்ணாம்புச் சுவரில் சீமெந்து பூசுவதும் அத்தகைய பாடபேதந்தான்.

நான் செய்தது இவ்வளவே. புதிய பீலி பொருத்தினேன். சுவரடியில் மண்ணைச் சரித்து நீர் விலகியோட வழிசெய்தேன். சீமெந்தை உளியால் மெல்லக் கழற்றி, கோடை முழுவதும் சுவரை வெறுமனே உலரவிட்டேன். பின்னர் 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு உப்பில்லாத மணல் சேர்த்து மெல்லிய படைகளாகப் பூசி, ஈரச் சாக்கினால் மூடி வைத்தேன். மகன் நாள்தோறும் சாக்கை நனைத்தான்.

சுட்ட சுண்ணாம்புக்கு நீர் வார்ப்பதை நீற்றுதல் என்கிறோம். நெற்றியில் அணியும் நீறும் இதன் உறவுச் சொல்லே. தீயில் வெந்து நீரில் நீறிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகிறது. ஆனால் நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும், கண்ணைக் கெடுக்கும். கண்ணாடி அணியாமல் கிட்டப் போகக்கூடாது. வளை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவற்றை நான் தொடுவதில்லை. அவை தொழில் தெரிந்தவர்களுக்கு உரியவை.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. யுத்தத்தால் 1990இல் மூடப்பட்டது. அந்த நாற்பது ஆண்டுகளில் சீமெந்து எமக்கு ஊர்ப்பொருளாகவே இருந்தது. பிறகு இடப்பெயர்வுகளால் எத்தனையோ வீடுகள் கூரையிழந்து மழையில் கரைந்தன. 2009இன் பின் திரும்பியவர்கள் பலர், எஞ்சியவற்றை இடித்துக் கட்டுவதே இலகு என்று எண்ணினர். அவர்களைக் குறைகூற முடியாது; திருத்தத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. கைகளோடு சொற்களும் போகின்றன. வகுப்பில் "தீராந்தி என்றால் என்ன?" என்று கேட்டேன். நாற்பது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பார்த்திராத மரத்தின் பெயரைப் பிள்ளைகள் எப்படி அறிவார்கள்?

ஆகவே நேயர்களே, உங்களிடம் பழைய வீடு இருந்தால் இடிப்பதற்கு முன் ஒரு மாரியில் வயதான மேசன் ஒருவரை அழைத்து, மழை பெய்யும்போதே அவருடன் வீட்டைச் சுற்றி வாருங்கள். நீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். அவர் சொல்லும் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டை என்ன செய்வதென்று அதன் பின் முடிவு செய்யலாம்.