பழைய காரின் மெய்யான மதிப்பு

திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாளின் இளவல், உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா. அவரிடம் 1950-களில் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் 180 வகைக் கார் ஒன்று திருவனந்தபுரத்தில் இருந்தது. வாங்கிய விலை 12,000 ரூபாய் என்று பத்திரிகைகள் எழுதின. அதற்கு ஈடாக இரண்டு புதிய கார்களைத் தர நிறுவனத்தாரே முன்வந்தும் அவர் இசையவில்லையாம். 2013-இல் அவர் மறையும் வரை அது அவரோடு இருந்தது.

இத்தகைய வண்டியை மதிப்பிடுவது எவ்வாறு? வயது ஒன்றே போதாது. அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்கள் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் வேண்டும். கதவின் அடிவிளிம்பையும் தரைத் தகட்டையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். கடற்காற்றும் இரு பருவமழையும் வளர்த்த துருவைப் புதுப்பூச்சு மறைத்துவிடும். அதே வகை வண்டி, நல்ல நிலையில், அண்மையில் கைமாறிய தொகையிலிருந்து செப்பனிடும் செலவைக் கழித்தால் சந்தை விலை கிடைக்கும். புகழ்பெற்றவர் ஓட்டியது என்ற பெருமைக்கும் எழுத்துச் சான்று இருந்தால்தான் விலை உண்டு.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலர், சொந்த ஊரில் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசடரைத் தரகர் கேட்ட இரும்பு விலைக்கே கொடுத்துவிடுகிறோம். ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டியைப் பழமை வாகனமாகப் பதிவு செய்ய 2021-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆகவே, விலை பேசுமுன் பெட்டியடியில் கிடக்கும் அந்தப் பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுப்போமாக.