தலைவிதியா? வாசற்படியா?

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது உடல் ஊனமுற்றவர்களின் பிழைப்பைப் பற்றியதாகும். இப்போது அவர்களை மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையாய் அழைக்கிறோம். பேர் மாறியது நல்லதுதான். ஆனால் பேர் மாறிய அளவுக்குப் பிழைப்பு மாறியிருக்கிறதா என்பதே நம் கேள்வி.

மதுரைக் கடைவீதி ஒன்றில் நாம் நேரில் கண்ட சங்கதி இது. இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போன, முப்பது வயதுள்ள, பி.காம். படித்த ஒருவர் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுத வேலை கேட்டார். முதலாளி அவர் கையில் பத்து ரூபாயை வைத்து, "தம்பி, கல்லாவுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்தால் சகுனம் சரிப்படாது" என்று சொல்லி அனுப்பினார். அந்தத் தம்பி பத்து ரூபாயைக் கல்லாவின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். தோழர்களே! பிச்சை போட மனமிருக்கிறவருக்கு வேலை கொடுக்க ஏன் மனமில்லை? பிச்சை போட்டால் புண்ணியம் என்கிறார்கள். வேலை கொடுத்தால் மாதா மாதம் சம்பளமல்லவா கொடுக்க வேண்டும்!

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? குதிரையைத் திருடினவன் மறுஜென்மத்தில் நொண்டியாவான் என்று மனுதர்மத்தின் 11-வது அத்தியாயம் சொல்லுகிறது. குருடருக்கும் செவிடருக்கும் சொத்தில் பாகமில்லை, சோறும் துணியும் போதும் என்று 9-வது அத்தியாயம் சொல்லுகிறது. இந்த அநியாயத்தைப் பெரும்பாலும் நீக்குவதற்கே 1928-ல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் பாகம் கொடுத்தது. ஜனங்கள் மனதிலிருந்த முன்ஜென்மப் பாவம் மாத்திரம் போகவில்லை.

சரி, பாவந்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸால் ஒரு குழந்தைக்கும் இளம்பிள்ளை வாதம் வரவில்லை. 2014-ல் அந்நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. அப்படியானால் 2011-க்குப் பிறகு பிறந்தவர்கள் எல்லோரும் முன்ஜென்மத்தில் யோக்கியர்களா? இரண்டு சொட்டு மருந்தில் கரைந்துபோகிற பாவம் என்ன பாவம்?

இனிக் கணக்கைப் பாருங்கள். 2011 ஜனக்கணக்குப்படி நாட்டில் ஊனமுற்றவர்கள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். நாடு முழுவதும் இவர்களில் வேலையிலிருப்போர் நூற்றுக்கு 36 பேரே. ஆண்களில் 47, பெண்களில் 23. அப்பெண்களிலும் கிராமத்தில் 25, பட்டணத்தில் 16. ஊனம் ஒன்றாயிருக்க, ஊருக்கு ஊர் கணக்கு ஏன் மாறுகிறது? தலைவிதி பட்டணத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று என்றா எழுதப்பட்டிருக்கிறது?

காரணம் கண்முன்னே இருக்கிறது. கிராமத்துப் பெண் திண்ணையில் உட்கார்ந்து மல்லிகைப் பூக் கட்டலாம். பக்கத்து வயலில் களை எடுக்கலாம். பட்டணத்தில் வேலைக்குப் போக பஸ் படி ஏற வேண்டும், மாடி ஏற வேண்டும், படிப்பும் வேண்டும். ஆகவே தடுப்பது காலல்ல, படியே ஆகும்.

இதனால் கிராமம் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். வேலையிலுள்ள ஊனமுற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர் விவசாயக் கூலிகள். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர்ப் பக்கத்தில் நடவுக் காலத்தில் ஒரு வேலை கிடைக்கலாம். மானாவாரி நிலமுள்ள பேரையூர்ப் பக்கத்தில் மழை பொய்த்தால் நல்ல காலுள்ளவனுக்கே வேலையில்லை. மற்றவரை யார் கூப்பிடுவார்?

முடியாது என்பவர்களுக்கு நம் மதுரையே பதில் சொல்லுகிறது. டாக்டர் கோ. வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் கைவிரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைக் கொண்டே கண் அறுவை செய்யப் பழகினார். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். கண் பார்வையில்லாத எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-ல் ஆரம்பித்த இந்தியப் பார்வையற்றோர் சங்கம் சுந்தரராஜன்பட்டியில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் வெங்கடசாமியாக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சாதாரண மனிதனுக்குச் சாதாரண வேலை கிடைக்க வேண்டும் என்றே கேட்கிறோம்.

சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 1995 சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் நூற்றுக்கு 3 இடம் ஒதுக்கிற்று. 2016 சட்டம் அதை 4 ஆக்கிற்று, 21 வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலைகளில் பெரும்பகுதி தனியாரிடமல்லவா இருக்கிறது? நூற்றுக்கு 5 பேருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளும் தனியாருக்குச் சலுகை கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்லுகிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை.

ஆகையால் தோழர்களே! கடை வைத்திருப்பவர்கள் வாசலில் ஒரு சாய்தளம் கட்டுங்கள். வெள்ளிக்கிழமைக் காசை நிறுத்தி ஓர் ஆளுக்கு வேலை கொடுங்கள். தாய்மார்களே! ஊனமுற்ற பெண்ணை வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள், பள்ளிக்கு அனுப்புங்கள். நூற்றுக்கு 40-க்குக் குறையாத ஊனமுள்ளவர்கள் சான்று வாங்கி, ஒதுக்கிய இடத்தை உரிமையாய்க் கேளுங்கள். யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

நாம் சொல்வதால் நம்பவேண்டாம். நாளைக் காலையில் உங்கள் ஊர் பஞ்சாயத்து ஆபீசு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை மூன்றுக்கும் போய், வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பாருங்கள். தலைவிதியை எழுதினவன் எந்தக் கொத்தனார் என்பது அப்போது உங்களுக்கே விளங்கும்.