கருனி எழுதும் இறுதி வரி
(கீழக்குயில்குடிச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூர்ச் சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்தில், பாறையில் செதுக்கிய உருவங்களின் கீழ் வட்டெழுத்து வரிகள் உள. இதனைச் செய்வித்தவர் இன்னார் என்பதே அவற்றின் உள்ளீடு. மிகை சிறிதும் இல்லை. ஓராயிரம் ஆண்டு கடந்தும் அது போதியதாயிருக்கின்றது. கணினிக்குள்ளும் இத்தகைய வரிகளை எழுதுவது ஒன்றுண்டு. அது பற்றியதே இவ்வுரை.

இயங்குதளத்தின் நடுவே நின்று செயலி, நினைவகம், கருவிகள் அனைத்தையும் ஆள்வது கருனி. பிற மென்பொருள்கள் பழுதுற்றால் கருனியிடம் முறையிடும். கருனியே பழுதுற்றால் யாரிடம் முறையிடும்? ஆகவே அது தானே எழுதிவைக்கின்றது. பின்லாந்து மாணவர் இலினசு தோர்வால்சு 1991இல் தொடங்கிய இலினக்சில் இப்பணியைச் செய்வது ‘பிரிண்ட்கே’ எனும் செயற்கூறு. கணினி விழித்து எத்துணை நேரமாயிற்று என்பதை நொடியின் பத்திலக்கத்தில் ஒரு கூறுவரை குறித்து, நிகழ்ந்ததையும் அது எழுதும். படிநிலைகள் எட்டு. 0 என்பது கணினி இனி இயங்காதெனும் பேரிடர். 7 என்பது பிழைதேடுவோர்க்கு மட்டும் உரிய நுண்செய்தி.

எழுதப்படும் இடமோ பாறையன்று. அளவு வரையறுத்த நினைவு வளையம். பல கணினிகளில் அது 128 கிலோபைட்டு. நிரம்பியதும் பழைய வரிமேல் புதுவரி ஏறும். பிழைதேடும் முனைப்பில் கண்ட இடமெல்லாம் எழுதச் செய்பவர், தாம் தேடிய வரியையே அழித்துவிடுவர்!

இன்னோர் இடர் இதனினும் நுட்பமானது. நொடிக்கு 1,15,200 பிட் விரைவுள்ள தொடர்வழிக் கம்பியில், 80 எழுத்துகொண்ட வரியொன்று வெளியேற நொடியின் ஆயிரத்தில் ஏழு பங்கு ஆகும். நொடிக்கு நூறு கோடி முறை துடிக்கும் செயலி அதற்குள் எழுபது இலக்கம் துடிப்பைக் கடந்துவிடும். இரு செயலிகள் ஒன்றையொன்று முந்துவதால் விளைந்த பிழை அச்சுணக்கத்தில் மறையும். வரியை நீக்கியதும் மீண்டும் தலைகாட்டும். மருத்துவரைக் கண்டதும் நோய் நீங்கியதாய் எழுந்து உட்காரும் நோயாளியை ஒத்தது இது. உரிய நேரத்தில் வினைமுடிக்கும் உறுதியுடைய இயக்கமுறை முதன்மைக் கருனியிற் சேர இறுதித் தடையாய் நின்றதும் இந்தப் பிரிண்ட்கேயே. 2024இல்தான் அத்தடை அகன்றது.

இவ்வரிகள் யாவும் ஆங்கிலம். ‘அவற்றையே தமிழாக்குக’ என்பார் உளர். வேட்கை போற்றத்தக்கது, இடம்தான் பிழை. திரையிற் காணும் பட்டிகள் தமிழில் வருவது, மென்பொருள் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து பார்ப்பதால். மடியும் வேளையில் கருனி எக்கோப்பைத் திறக்கும்? மேலும், மதுரையிலும் தோக்கியோவிலும் தேடுவோர் ஒரே விடையை அடைவது, அவ்வரி எங்கும் மாறாதிருப்பதால் அன்றோ?

தமிழ் நுழையவேண்டிய வாயில் வேறு. இலினக்சுக் கருனியின் மூலத்தொகுப்போடு வரும் கையேடுகளுட் சில சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், இசுப்பானியம் ஆகியவற்றில் பெயர்க்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் தமிழைக் காணோம்! எட்டுப் படிநிலைகளுக்கும் பேரிடர், உடனடி, கடும்பிழை, பிழை, எச்சரிக்கை, குறிப்பு, செய்தி, பிழைதேடல் எனப் பெயரிட்டு, மிகுதியாய் வரும் நூறு வரிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதுவது நாலைந்து இளைஞர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணி. நினைவகம் போதாமல் கருனி ஒரு நிரலைக் கொல்லும்போது எழுதும் வரியிலிருந்து தொடங்கலாம். குறைந்த விலைக் கணினி வைத்துள்ள மாணவர் முதலிற் காண்பது பெரும்பாலும் அதுவே.