காபிக்கு முன்னால்

கண்டாச்சிபுரத்துப் பக்கம் ஓர் அம்மா. தைராய்டு சுரப்பு குறைவு. மருத்துவரிடம் போய், "ராத்திரி சோத்தையே நிறுத்திட்டேன், மாத்திரையும் போடறேன். எடை மட்டும் இறங்க மாட்டேங்குதே சார்!" என்றார்.

"மாத்திரையை எப்போ போடறீங்க?"

"காலையில, காபியோடதான்!"

சிக்கல் அங்கேதான். காபி அந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு இந்தத் தைராய்டுக் குறை தெரியவந்தது. இதனால் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் உப்பும் நீருமே அதிகம். மிச்சத்துக்குச் சாப்பாட்டு அளவும் நடையும்தான் வழி.

மருத்துவர் இதையெல்லாம் சொல்லி முடித்தார். அந்த அம்மா யோசித்தார்.

"ஒரு மணி நேரம் காபி இல்லாமலா? எடை இருந்துட்டுப் போகட்டும் சார்!"