குற்றாலத்தில் ஒரு வட்டம்

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் புதிதாகப் படிக்கலாமா? பிரான்சின் துலூஸ் நகரப் பல்கலைக்கழகம் 1973-இல் முதியோருக்கென்றே வகுப்புகளைத் தொடங்கியது. பிறகு அந்த யோசனை பிரிட்டனுக்குப் போனபோது ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அங்கே தேர்வு இல்லை, பட்டம் இல்லை. தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார், மற்றவர் கற்பார். மறுவாரம் கற்றவர் சொல்லிக்கொடுப்பவராக இடம் மாறுவார்.

இந்த ஏற்பாடு திருநெல்வேலிச் சீமைக்கு முன்பே பழக்கமானதுதான். 1882-இல் பிறந்த ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வழக்கறிஞர். 1930-களில் அறநிலையத் துறை ஆணையராகவும் இருந்தவர். திருநெல்வேலியில் அவர் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கம்பனைப் பேசினார்கள். அதுதான் வட்டத்தொட்டி. கடைசிக் காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் குடியேற, வட்டமும் கூடவே வந்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்து ரசிப்பது அங்கே வழக்கம். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரம் யாருக்கும் இல்லை. நடுவே சுடச்சுடப் பலகாரமும் உண்டு. அதன் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது!

இன்று தென்காசிப் பக்கம் யாராவது பெரியவர்களுக்காக ஒரு கூட்டம் நடத்த நினைத்தால், மேடையைவிட நாற்காலிகளை வட்டமாகப் போடுவதே நல்லது. காது மந்தமானவருக்கும் எதிரே பேசுபவரின் முகம் தெரியும். மாடிப்படி வேண்டாம், கழிப்பறை பக்கத்திலேயே இருக்கட்டும். இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும். சாரல் காலத்தில் பாதை வழுக்கும் என்பதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய இடமாகப் பார்ப்பது உத்தமம்.